கல்யாணத்தைக் காட்டாத கல்யாணப் படம்: யசுஜிரோ ஓசுவுக்கு ஓர் அறிமுகம்

ஓர் அப்பா, ஒரு மகள். அம்மா இல்லை. மகள் நொரிகோவுக்கு வயது 27. அப்பாவைத் தனியே விட்டுப் போக மனமில்லாமல், கல்யாணப் பேச்சை எடுத்தாலே சிரித்து மழுப்புகிறாள். அத்தை விடுவதாயில்லை. எங்கேயோ தேடி ஒரு வரனைப் பிடித்துவிடுகிறார். பையனின் வாய்ப்பக்கம் ஹாலிவுட் நடிகர் கேரி கூப்பர் சாயல் இருக்கிறது என்று ஆசை வேறு காட்டுகிறார். அப்பாவும் தன் பங்குக்கு, தானும் மறுமணம் செய்துகொள்ளப் போவதாக ஒரு பொய்யைச் சொல்லி மகளைச் சம்மதிக்க வைக்கிறார்.

அந்த நாள் வருகிறது. நொரிகோ மணப்பெண் அலங்காரத்தில் அப்பாவின் முன் குனிந்து விடைபெறுகிறாள். சற்று நேரத்தில் பார்த்தால், அப்பா ஒரு மதுக்கடையில் மகளின் தோழியோடு உட்கார்ந்து சாக்கே குடித்துக்கொண்டிருக்கிறார். கல்யாணம் முடிந்துவிட்டது. எப்போது முடிந்தது? நமக்குத் தெரியாது. மாப்பிள்ளையின் முகம்? படம் முழுக்க ஒரு தடவைகூட வரவில்லை. ஒரு போட்டோவைக்கூடக் காட்டவில்லை.

1949-ல் வந்த ‘லேட் ஸ்பிரிங்’ படத்தின் கதை இது. இயக்குநர் யசுஜிரோ ஓசு. ஒன்றே முக்கால் மணி நேரத்துக்கும் மேலாகக் கல்யாணத்தைப் பற்றியே பேசிவிட்டு, கல்யாணத்தை மட்டும் அப்படியே விட்டுவிட்டார். முதல் தடவை பார்த்தபோது, டிவிடியில் ஏதோ ஒரு பகுதி விட்டுப்போயிருக்கிறது என்றுதான் நினைத்தேன். பிறகுதான் புரிந்தது, இந்த மனிதர் எப்போதும் இப்படித்தான். பெரிய நிகழ்ச்சியைத் தாண்டிக் குதித்துவிடுவார். அதற்கு முன்னாலும் பின்னாலும் உள்ள சாதாரண நேரத்தில் நம்மை உட்கார வைப்பார். ஓசுவின் படங்களில் எது இல்லை என்று கவனிக்கத் தொடங்கினால் மீதி தானாகப் பிடிபடும்.

சரி, யார் இவர்?

1903 டிசம்பர் 12 அன்று டோக்கியோவின் புக்காகவா பகுதியில் பிறந்தார். அப்பா உர வியாபாரி. பிள்ளைக்குப் பத்து வயதாகும் சமயத்தில் குடும்பம் மியே மாகாணத்தின் மட்சுசாகா ஊருக்குக் குடிபெயர்ந்தது. அப்பா மட்டும் தொழிலுக்காக டோக்கியோவிலேயே தங்கிவிட்டார். ஆக, வளரும் வயதில் வீட்டில் அப்பா இல்லை. பின்னால் இவர் எடுத்த படங்களில் தனித்த அப்பாக்கள் நிறைந்திருப்பதற்கு இதுதான் காரணம் என்று சொல்பவர்கள் உண்டு. இருக்கலாம். எனக்கு அந்தக் கணக்கு கொஞ்சம் சுலபமாகப் படுகிறது.

படிப்பில் பெரிய ஆர்வம் கிடையாது. பள்ளி விடுதியிலிருந்து வெளியேற்றப்பட்டார். மேற்படிப்புக்கான நுழைவுத் தேர்வுகளிலும் தேறவில்லை. ஒரு வருடம் மலைக்கிராமப் பள்ளி ஒன்றில் வாத்தியாராக இருந்தார். மனமெல்லாம் சினிமாவில்தான். அதுவும் ஹாலிவுட் சினிமா. 1923-ல் டோக்கியோவில் ஷோச்சிக்கு நிறுவனத்தின் காமாட்டா ஸ்டூடியோவில் வேலைக்குச் சேர்ந்தபோது, அதுவரை அவர் பார்த்திருந்த ஜப்பானியப் படங்கள் மூன்றே மூன்று என்று ஒரு கதை உண்டு. ‘ஜப்பானிய இயக்குநர்களிலேயே மிகவும் ஜப்பானியர்’ என்று பின்னாளில் பெயர் வாங்கியவரின் தொடக்கம் இது. அவருடைய ஆரம்பப் படங்களில் மாணவர்களின் அறைச் சுவர்களைப் பாருங்கள். ஹாரல்ட் லாயிட் போன்றவர்களின் பட போஸ்டர்கள் ஒட்டியிருக்கும்.

சேர்ந்தது கேமரா உதவியாளராக. கேமராவைத் தூக்கிச் சுமக்கிற வேலை. பிறகு உதவி இயக்குநர். இயக்குநர் ஆனதற்கு ஒரு சாப்பாட்டுச் சண்டைதான் காரணம் என்பார்கள். ஸ்டூடியோ கேன்டீனில் கறி சோற்றுக்காகப் பசியோடு காத்திருந்தவரைத் தாண்டி, பின்னால் வந்த ஓர் இயக்குநருக்கு முதலில் தட்டு போயிற்று. ஓசு பொங்கிவிட்டார். கை ஓங்கினார் என்றும் சொல்கிறார்கள். விஷயம் ஸ்டூடியோ தலைவர் ஷிரோ கிடோவின் காதுக்குப் போனது. யாரடா இந்தப் பையன் என்று கூப்பிட்டு விசாரித்தவர், படம் இயக்கும் வாய்ப்பைக் கொடுத்தார். 1927-ல் முதல் படம் வந்தது. வாள் சண்டை காலத்துச் சரித்திரக் கதை. அதன் பிரதி இன்று இல்லை. ஓசு எடுத்த ஒரே சரித்திரப் படமும் அதுதான்.

இங்கே கிடோவைப் பற்றி ஒரு வார்த்தை. குமாஸ்தா, கடைக்காரர், மாணவர், வேலையில்லாதவர் என்று சாமானிய மக்களின் அன்றாட வாழ்க்கையை, கொஞ்சம் சிரிப்பும் கொஞ்சம் கண்ணீருமாகச் சொல்ல வேண்டும் என்பது அவர் ஸ்டூடியோவின் கொள்கை. ஓசு கடைசிவரை அந்தக் கோட்டைத் தாண்டவே இல்லை. அதற்குள்ளேயே தோண்டிக்கொண்டு போனார்.

1932-ல் வந்த ‘ஐ வாஸ் பார்ன், பட்’ ஒரு மௌனப் படம். புறநகரில் இரண்டு சிறுவர்கள். எங்கள் அப்பாதான் பெரிய ஆள் என்று மற்றப் பிள்ளைகளிடம் பீற்றிக்கொள்கிறவர்கள். ஒருநாள் முதலாளி வீட்டில் சின்னப் படக்காட்சி. திரையில் அப்பா தெரிகிறார். முதலாளியைச் சிரிக்கவைக்க முகத்தைக் கோணிக்கொண்டு கோமாளித்தனம் செய்துகொண்டிருக்கிறார். பிள்ளைகளின் முகம் செத்துவிடுகிறது. வீட்டுக்கு வந்து சாப்பிட மாட்டோம் என்று உண்ணாவிரதம் இருக்கிறார்கள். நீ ஏன் அந்த ஆளுக்குக் கும்பிடு போடுகிறாய் என்ற கேள்விக்கு அப்பாவிடம் நல்ல பதில் இல்லை. ‘கினேமா ஜும்போ’ பத்திரிகை அந்த வருடத்தின் சிறந்த படமாக இதைத் தேர்ந்தெடுத்தது. அடுத்த இரண்டு வருடங்களும் முதலிடம் ஓசுவுக்கே.

ஜப்பான் 1931-லேயே பேசும்படத்துக்கு வந்துவிட்டது. ஓசு 1936 வரைக்கும் மௌனப் படமே எடுத்துக்கொண்டிருந்தார். பிடிவாதம் மட்டும் காரணமில்லை. அவருடைய ஒளிப்பதிவாளர் சொந்தமாக ஓர் ஒலிப்பதிவு முறையை உருவாக்கிக்கொண்டிருந்தார். அதைத்தான் பயன்படுத்துவேன் என்று வாக்குக் கொடுத்திருந்தாராம், அதற்காகக் காத்திருந்தார்.

அப்புறம் யுத்தம். இந்தப் பகுதியை ஓசுவின் ரசிகர்கள் வேகமாகக் கடந்துவிடுவார்கள். 1937-ல் ராணுவத்தில் சேர்க்கப்பட்டுச் சீனாவுக்கு அனுப்பப்பட்டார். அவர் இருந்த படைப்பிரிவு ரசாயன ஆயுதங்களைக் கையாண்ட பிரிவு. இரண்டு வருடங்கள் அங்கே இருந்தார். நெருங்கிய நண்பரான இயக்குநர் சடாவோ யமநாகாவைச் சீனாவில் சந்தித்தார். சில மாதங்களில் யமநாகா அங்கேயே நோயில் இறந்துபோனார்.

1943-ல் மறுபடி அழைப்பு. இந்தத் தடவை படம் எடுக்க, சிங்கப்பூருக்கு. விஷயம் என்ன தெரியுமா? நேதாஜி சுபாஷ் சந்திர போஸின் சுதந்திர இந்திய அரசு. ‘டெல்லிக்கு, டெல்லிக்கு’ என்பதுதான் படத்தின் தலைப்பு. மலாயா, சிங்கப்பூர்த் தமிழர்கள் ஏராளமாகச் சேர்ந்த அதே இந்திய தேசிய ராணுவத்தின் காலம். அந்தப் படம் முடிந்திருந்தால் நம்மவர்கள் எத்தனை பேர் ஓசுவின் சட்டகத்துக்குள் வந்திருப்பார்களோ. படம் முடியவில்லை. ஓசுவுக்கு வேலையில் நாட்டமும் இல்லை. கேத்தே கட்டடத்தில் கடலைப் பார்த்த அறையில் தங்கி, டென்னிஸ் ஆடி, புத்தகம் படித்து, ஜப்பானிய ராணுவம் கைப்பற்றி வைத்திருந்த அமெரிக்கப் படங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். ‘சிட்டிசன் கேன்’ அவரை அசத்தியது. ஜப்பான் சரணடைந்ததும், எடுத்திருந்த படச்சுருளையும் திரைக்கதையையும் அழித்துவிட்டார். கைதியாகி ரப்பர் தோட்டத்தில் வேலை செய்தார். ஊர் திரும்பும் முதல் கப்பலில் குழுவில் எல்லோருக்கும் இடமில்லை. சீட்டுக் குலுக்கிப் போட்டார்கள். ஓசுவுக்கு இடம் கிடைத்தது. வீட்டுக்குப் போகத் துடித்துக்கொண்டிருந்த இன்னொருவருக்கு அதைக் கொடுத்துவிட்டு, அடுத்த கப்பலுக்குக் காத்திருந்து 1946-ல் திரும்பினார்.

இவ்வளவையும் கண்ணால் பார்த்துவிட்டு வந்தவர் ஒரு போர்க்களக் காட்சியைக்கூட எடுக்கவில்லை. யுத்தம் அவர் படங்களில் ஒரு போட்டோவாக இருக்கும், திரும்பி வராத மகனுடையது. அல்லது மதுக்கடைப் பேச்சாக இருக்கும். கடைசிப் படத்தில் பழைய கடற்படைக்காரர்கள் இருவர் சந்திக்கிறார்கள். நாம் ஜெயித்திருந்தால் எப்படி இருந்திருக்கும் என்று ஒருவர் குஷியாக அளக்கிறார். தோற்றதே நல்லதென்று நினைக்கிறேன் என்கிறார் மற்றவர், மெதுவாக. அவ்வளவுதான்.

இப்போது அவருடைய பாணி. முதல் தடவை பார்ப்பவர்களுக்கு ஏதோ வித்தியாசமாக இருக்கிறதே என்று தோன்றும், ஆனால் என்னவென்று சொல்லத் தெரியாது.

கேமரா தரைக்குப் பக்கத்தில் இருக்கும். ஜப்பானிய வீடுகளில் தத்தாமிப் பாயில் உட்கார்ந்துதான் எல்லாம். பாயில் உட்கார்ந்திருப்பவரின் பார்வை என்று இதை விளக்குவார்கள். உண்மையில் கேமரா அதைவிடவும் கீழே இருக்கிறது. ஒளிப்பதிவாளர் யூஹாரு அட்சுதா குப்புறப் படுத்துக்கொண்டுதான் பார்க்க வேண்டியிருந்தது. அலுவலக வராந்தாவிலும் அதே உயரம்தான், அங்கே பாய் ஏது? ஆக இது உட்கார்ந்திருப்பவரின் கண் என்ற விளக்கம் பாதிதான் சரி. எனக்குத் தெரிந்த பலன் ஒன்று உண்டு. தாழ்வாகப் பார்க்கும்போது அறை ஒரு மேடை மாதிரி ஆகிவிடுகிறது. கதவுச் சட்டங்கள் ஒன்றுக்குள் ஒன்றாக அடுக்கி நிற்கின்றன. ஆட்கள் அதற்குள் வருகிறார்கள், போகிறார்கள். போன பிறகும் அறை இருக்கிறது.

லென்ஸும் பெரும்பாலும் ஒன்றே, 50 மில்லிமீட்டர். கேமரா நகர்வது வர வரக் குறைந்துகொண்டே வந்தது. வண்ணப் படங்களுக்கு வந்தபோது அசைவே நின்றுவிட்டது.

அடுத்தது பார்வை. இரண்டு பேர் பேசும் காட்சியை எடுப்பதற்கு ஒரு பழைய விதி இருக்கிறது. இருவருக்கும் நடுவே ஒரு கோடு இருப்பதாக வைத்துக்கொண்டு, கேமரா அதன் ஒரே பக்கத்தில் நிற்க வேண்டும். அப்போதுதான் ஒருவர் வலப்பக்கம் பார்ப்பார், மற்றவர் இடப்பக்கம் பார்ப்பார், எதிரெதிரே இருப்பதாக நமக்குத் தோன்றும். ஓசு அந்தக் கோட்டை இஷ்டத்துக்குத் தாண்டுவார். இருவருமே கிட்டத்தட்ட கேமராவையே பார்த்துப் பேசுவார்கள். ஒருவர் முகம், வெட்டு, இன்னொருவர் முகம், வெட்டு. முதல் பத்து நிமிடம் உறுத்தும். பிறகு, அந்த ஆள் நம்மிடமே பேசுவது போல ஆகிவிடும்.

அதோடு அவர் சட்டகத்துக்குள் எல்லாம் அளந்து வைத்தது. மேசைமேல் பீர் பாட்டில், கிண்ணம், ஆஷ்டிரே எங்கே இருக்க வேண்டும் என்று அவரே வந்து நகர்த்துவார். அடுத்த ஷாட்டில் கோணம் மாறினால் பாட்டிலும் இடம் மாறியிருக்கும். தொடர்ச்சி கெடுகிறதே என்று உதவியாளர்கள் கவலைப்பட்டாலும் அவர் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. படம் அழகாக உட்கார வேண்டும், அவ்வளவுதான்.

இந்தப் பாணியில் எனக்கு அதிகம் பிடித்தவை ஆளில்லாத ஷாட்டுகள். ஒரு காட்சி முடிந்து அடுத்தது தொடங்கும் முன், கதைக்குச் சம்பந்தமில்லாத இரண்டு மூன்று காட்சிகள் வரும். கொடியில் காயும் துணி. புகைபோக்கி. காலியான வராந்தா. தூரத்தில் போகும் ரயில். நோயல் பர்ச் என்ற விமர்சகர் இதற்குத் ‘தலையணை ஷாட்’ என்று பெயர் வைத்தார். ஜப்பானிய மரபுக் கவிதையில் ஒரு சொல்லுக்கு முன்னால் நம் அடைமொழி மாதிரி வழக்கமாக வந்து உட்காரும் சொற்களுக்குத் தலையணைச் சொல் என்று பெயர். அதிலிருந்து எடுத்தது. சும்மா இடைவெளி என்று இதை ஒதுக்கிவிடாதீர்கள். ஓசு பெரிய நிகழ்ச்சிகளைப் புதைத்து வைப்பது பெரும்பாலும் இந்த இடைவெளிகளில்தான்.

1953-ல் வந்த ‘டோக்கியோ ஸ்டோரி’யில் அதைப் பார்க்கலாம். ஓனோமிச்சி என்ற கடலோர ஊரிலிருந்து வயதான தம்பதி டோக்கியோவில் இருக்கும் பிள்ளைகளைப் பார்க்கக் கிளம்புகிறார்கள். மூட்டை கட்டுவதைக் காட்டுகிறார். அடுத்து டோக்கியோவின் புகைபோக்கிகள். பயணமே இல்லை! மகன் டாக்டர், அவனுக்கு நோயாளிகள். மகள் அழகு நிலையம் வைத்திருக்கிறாள், அவளுக்கு வாடிக்கையாளர்கள். யாரும் கெட்டவர்கள் இல்லை, நேரமில்லாதவர்கள். காசு போட்டு, பெற்றோரை அட்டாமி வெந்நீர் ஊற்று விடுதிக்கு அனுப்பிவிடுகிறார்கள். அங்கே ராத்திரி முழுக்க மற்றவர்களின் கூத்தும் பாட்டும், தூங்கவே முடியவில்லை. யுத்தத்தில் போன மகனின் மனைவி நொரிகோ மட்டும்தான் வேலைக்கு லீவு போட்டு அவர்களை ஊர் சுற்றிக் காட்டுகிறாள்.

ஊர் திரும்பியதும் அம்மா படுத்துவிடுகிறார். பிள்ளைகள் வந்து சுற்றி உட்கார்ந்திருக்கிறார்கள். வெட்டு. விடிகாலை, ஆளில்லாத படகுத்துறை, வெறுமையான தெரு. மறுபடி வீட்டுக்குள் வரும்போது அம்மாவின் முகத்தில் வெள்ளைத் துணி. சாவைக் காட்டவில்லை. துறையைக் காட்டினார், நமக்குப் புரிந்துவிடுகிறது. சாவு வீட்டுச் சாப்பாட்டின் போதே அம்மாவின் கிமோனோ எனக்கு வேண்டும் என்று மகள் கேட்பதை மட்டும் முழுசாகக் காட்டுகிறார்.

அப்பாவாக நடித்த சிஷு ரியூவுக்கு அப்போது 49 வயதுதான். மகனாக நடித்த சோ யமமுரா அவரைவிட ஆறு வயதுதான் இளையவர். ரியூ இல்லாமல் ஓசு இல்லை. ‘லேட் ஸ்பிரிங்’ முடிவில், வெறும் வீட்டில் ஆப்பிள் தோலைச் சீவிக்கொண்டிருக்கும் அப்பாவை வாய்விட்டு அழச் சொன்னாராம் ஓசு. என்னால் முடியாது என்று சொல்லிவிட்டார் ரியூ. அதனால் இப்போது இருப்பது இதுதான்: தோல் அறுந்து விழுகிறது, தலை கவிழ்கிறது, அடுத்து கடல் அலை. அழுகையும் விடுபட்டுப் போய்விட்டது.

நொரிகோவாக மூன்று படங்களில், மூன்று வேறு நொரிகோக்களாக, வந்தவர் செட்சுகோ ஹரா. ஓசு இறந்த பிறகு திரையை விட்டு விலகி, 2015-ல் காலமாகும் வரை காமகுராவில் பொதுவெளிக்கு வராமலே வாழ்ந்தார்.

எழுத்தில் துணை கோகோ நோடா. முதல் படத்துக்கு எழுதியவர், 1949 முதல் கடைசிப் படம் வரை எல்லாவற்றுக்கும் கூட இருந்தவர். இருவரும் ஏதாவது விடுதியில் போய்த் தங்கிக்கொண்டு, குடித்தபடி, பேசியபடி எழுதுவார்கள். ‘டோக்கியோ ஸ்டோரி’ கடலோர விடுதி ஒன்றில் 103 நாட்களில் எழுதப்பட்டது. பிற்காலத்தில் நாகானோ மலைப்பகுதியில் நோடாவின் வீட்டில் எழுதினார்கள்.

ஏன் திரும்பத் திரும்ப ஒரே மாதிரி எடுக்கிறீர்கள் என்று கேட்பவர்களுக்கு அவர் சொன்ன பதில் பிரசித்தம். நான் டோஃபு, அதாவது சோயாக்கட்டி, செய்கிறவன், டோஃபுவிலேயே வறுத்தது வேண்டுமானால் செய்து தருவேன், என்னிடம் போய்ப் பன்றிக் கறி கேட்டால் எப்படி என்றார். உண்மையில் ஒரே டோஃபு இல்லை. 1958-ல் வண்ணத்துக்கு வந்ததும் சிவப்பு நிறத்தின் மேல் அவருக்குப் பைத்தியமே பிடித்துவிட்டது. ‘ஈக்வினாக்ஸ் ஃபிளவர்’ படத்தில் ஒரு சிவப்புக் கெட்டில் வீட்டின் மூலையில் உட்கார்ந்து நம் கண்ணை இழுத்துக்கொண்டே இருக்கும். 1959-ல் வந்த ‘குட் மார்னிங்’ படத்தில் டிவி வாங்கித் தரச் சொல்லி இரண்டு சிறுவர்கள் பேச்சை நிறுத்திப் போராட்டம் செய்கிறார்கள். படம் முழுக்கக் குசு ஜோக். இந்த மேதைதான் எடுத்தார் என்று சத்தியம் பண்ணினாலும் நம்ப மாட்டார்கள்.

அன்றைய இளைய தலைமுறைக்கு இவர் பழங்காலத்து ஆள். ‘டோக்கியோ ஸ்டோரி’யில் உதவியாளராக இருந்த ஷோஹெய் இமமுரா அந்த நிதானம் பிடிக்காமல் நேர் எதிர்த்திசையில் போனார். வெளிநாடுகளுக்கோ அப்போது இவரைத் தெரியவே தெரியாது. அகிரா குரசோவாவின் ‘ரஷோமோன்’ 1951-ல் வெனிஸில் பரிசு வாங்கி உலகம் சுற்றிக்கொண்டிருக்க, ஓசு ரொம்ப ஜப்பானியம், வெளியே யாருக்குப் புரியும் என்று இருந்துவிட்டார்கள். மேற்கில் பெயர் பரவியது பெரும்பாலும் அவர் இறந்த பிறகுதான். 2012-ல் ‘சைட் அண்ட் சவுண்ட்’ பத்திரிகை உலக இயக்குநர்களிடம் நடத்திய வாக்கெடுப்பில் முதலிடம் ‘டோக்கியோ ஸ்டோரி’க்குக் கிடைத்தது.

கல்யாணப் படங்களாக எடுத்தவர் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அம்மாவோடு காமகுராவில் வாழ்ந்தார். 1962-ல் அம்மா இறந்தார். அதே வருடம் கடைசிப் படமான ‘ஆன் ஆட்டம் ஆஃப்டர்நூன்’ வந்தது. மறுவருடம் டிசம்பர் 12 அன்று, சரியாக அறுபதாவது பிறந்தநாளில், புற்றுநோயால் இறந்தார். காமகுராவின் எங்காக்கு-ஜி கோயிலில் இருக்கும் கல்லறையில் பெயர் இல்லை, ‘இன்மை’ என்று பொருள்படும் ஒற்றை எழுத்து இருக்கிறது. பார்க்க வருபவர்கள் சாக்கே பாட்டில் வைத்துவிட்டுப் போகிறார்கள். எழுத்தைவிட பாட்டில்தான் அவருக்குப் பிடித்திருக்கும்.

எதிலிருந்து தொடங்கலாம்? வீட்டில் பிள்ளைகள் இருந்தால் ‘குட் மார்னிங்’. தனியாகப் பார்ப்பதென்றால் ‘லேட் ஸ்பிரிங்’. அப்புறம் ‘டோக்கியோ ஸ்டோரி’. ராத்திரி பத்து மணிக்குமேல் போடாதீர்கள், தூங்கிவிடுவீர்கள். நான் தூங்கியிருக்கிறேன்.

‘டோக்கியோ ஸ்டோரி’ தொடங்கியதும் சன்னல் வழியே எட்டிப் பார்த்து விசாரிக்கும் பக்கத்து வீட்டுப் பெண்மணியைக் கொஞ்சம் ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள். தாத்தாவும் பாட்டியும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து மூட்டை கட்டிக்கொண்டிருப்பார்கள். படம் முடியும்போது அதே சன்னலுக்கு அதே பெண்மணி வருவார். தாத்தா அதே இடத்தில் உட்கார்ந்திருப்பார். இப்படி ஆகும் என்று தெரிந்திருந்தால் அவளிடம் இன்னும் கொஞ்சம் அன்பாக இருந்திருப்பேன் என்பார். வெளியே கடலில் ஒரு படகின் சத்தம். அவர் பக்கத்தில் இருந்த இடம் அப்படியே இருக்கும்.